இரண்டாம் பிரதிவாதியின் கோட்டு

ஆம்பூரில் அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. கோர்ட்டுச் சம்மனில் அதை எழுதியவனே நான்தான். ஆனால் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கோட்டுக்காரர் என்றால்தான் தெரியும். அவரிடம் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. அதை அவரே போட்டுக்கொண்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. மற்ற நாட்களில் அது வேறு யார் உடம்பிலாவது இருக்கும்.

தோல் வாங்க வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன கோட்டு அது. துரை சில நாள் தோல் பதனிடும் ஆம்பூர் டேனரிகளைச் சுற்றிப் பார்த்தார். ஊருக்குக் கிளம்புகிற அன்று கோட்டின் கையை முகர்ந்து பார்த்தவர், அப்படியே கழற்றி, பக்கத்தில் தோல் கட்டுகளின் மேல் மையால் ஊர்ப்பெயர் எழுதிக்கொண்டிருந்த இவரிடம் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டார். சீமையில் அந்த வாசனையோடு யார் வீட்டுக்குப் போவது? ஆம்பூரில் அந்தக் கவலை கிடையாது. ஆவாரம்பட்டையும் சுண்ணாம்புக் குழியும் கலந்த அந்தக் காற்றில்தான் ஊரே சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஆம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கோயிலில் மோதிரம் மாற்றிய கிறிஸ்தவ மாப்பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தக் கோட்டில்தான் மாற்றினார்கள். துரை ஆஜானுபாகு. நம் மாப்பிள்ளைகளோ பஞ்சத்தில் அடிபட்டவர்கள். அதனால் கோட்டோடு இவரும் போவார். மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்று, வாயில் கவ்விக்கொண்டிருக்கும் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து முதுகுப்பக்கம் மடித்துக் குத்துவார். பாதிரியார் ஆசீர்வாதம் சொல்லும்போது மாப்பிள்ளை மூச்சை இழுத்தால் ஊசி குத்தும். அந்தக் காலத்து மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் அடக்கமாக நின்றதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

"அதுக்கு இன்னா, எடுத்துக்கினு போ" என்பார். கோட்டுக்கு மட்டும் அல்ல. குடைக்கும் அதே பதில், சைக்கிளுக்கும் அதே பதில். கடிதம் வந்தால் இவருடைய மூக்குக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு போய்ப் படிக்கிற ஒரு கிழவர் இருந்தார். கண்ணாடி திரும்பி வரும் வரை இவர் கட்டுகளின் மேல் குத்துமதிப்பாக எழுதுவார். அப்படி ஒரு முறை மெட்ராசுக்குப் போக வேண்டிய சரக்கு மங்களூருக்குப் போய்விட்டது. டேனரி முதலாளி சாயபு நல்ல மனிதர், தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"யோவ், உனுக்கு 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை தெரியுமா தெரியாதா?"

"தெரியுங்க. இருக்கசொல்ல எப்டிங்க இல்லன்றது?"

கொஞ்ச நாள் கழித்து, தன் மச்சான் மகன் ஒரு கலெக்டரைப் பார்க்கப் போகவேண்டும் என்று சாயபுவும் அந்தக் கோட்டை வாங்கி அனுப்பினார்.

நான் அப்போது வேலூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஜில்லாக் கோர்ட்டு சித்தூரிலிருந்து வேலூருக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் வக்கீலுக்கு நிலத் தாவா, தோல் வியாபாரத் தாவா எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. விவாகரத்து மட்டும் எங்கள் ஆபீஸ் படி ஏறியதில்லை. ஏறவும் வழியில்லை. எங்கள் இந்துக்களுக்குச் சட்டப்படி விவாகரத்தே கிடையாது. சில சாதிகளில் பஞ்சாயத்தார் முன்னால் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் புருஷன் பெண்டாட்டி உறவு தீர்ந்தது. முஸ்லிம்களின் வழக்கு காஜியிடம் போகும். அதில் ஆண்களுக்குக் காரியம் சுருக்காக முடியும், பெண்கள் நடையாய் நடப்பார்கள். ஜில்லா ஜட்ஜிடம் வந்து நிற்கவேண்டிய தலையெழுத்து கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தான். அவர்களும் அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டதோடு சரி.

அப்படியிருக்க, ஒரு நாள் ஆம்பூரிலிருந்து ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்தம்மாவும் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு பேரும் ஒரே ரயிலில் வந்து, ஒரே டிபன் டப்பாவிலிருந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தங்களைப் பிரித்துவிடும்படி வக்கீலைக் கேட்டார்கள்.

"அடிக்கிறாராம்மா?" என்றார் வக்கீல்.

"அய்யோ, இல்லீங்க. கொசுவைக்கூட அடிக்க மாட்டார்."

"குடி?"

"காப்பியே குடிக்கிறதில்லீங்க."

"வேற பொம்பளை?"

அந்தம்மா சிரித்துவிட்டாள். வாத்தியாருக்குத்தான் கொஞ்சம் ரோஷம் வந்தது. கடைசியில் அவள்தான் சொன்னாள்: "ஒரே வீட்ல ரெண்டு வாத்தியார் இருக்க முடியலைங்க. நான் வாயைத் தொறந்தா இவர் திருத்துறார். இவர் வாயைத் தொறந்தா நான் திருத்துறேன். ரெண்டு பேருக்கும் தூக்கம் போச்சு. கொழந்தையும் இல்ல. இப்பவே பிரிஞ்சிட்டா தேவலை."

வக்கீல் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டு விளக்கினார். புருஷன் விவாகரத்து கேட்டால் பெண்டாட்டி சோரம் போயிருக்க வேண்டும். பெண்டாட்டி கேட்டால் புருஷன் சோரம் போனது மட்டும் போதாது, அதோடு சேர்த்து அவளைக் கொடுமையும் படுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் கைவிட்டிருக்க வேண்டும். கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் இந்த ஜில்லாவுக்குள் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், தங்களுக்குள் எந்த ஏற்பாடும் இல்லை என்று மனுவிலேயே சத்தியம் செய்ய வேண்டும். ஒத்துப்போகவில்லை என்று கேட்டால் கோர்ட்டு தராது. இரண்டு பேரும் ஒத்துப்போய்க் கேட்டால் நிச்சயமாகத் தராது.

"அப்ப நான் கெட்டவள்னே எழுதிக்கங்க" என்றாள் அந்தம்மா, குழம்புக்கு உப்பு போதாது என்று சொல்லும் குரலில். "இவர் அடிச்சார்னு சொன்னா யார் நம்புவாங்க?"

"யாரோடன்னு பேர் சொல்லணும்மா. அந்த ஆளையும் கேஸ்ல சேக்கணும். இரண்டாம் பிரதிவாதி. பேர் இல்லாம மனு நிக்காது." இதைச் சொல்லிவிட்டு வக்கீல் எழுந்தார். "நான் இதெல்லாம் கேக்கலை. நீங்க ரெண்டு பேரும் சேந்து வந்ததை நான் பாக்கவும் இல்லை" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கு எப்போதுமே எதுவும் தெரியாது. தெரிந்துகொள்வதற்கு நான் இருந்தேன்.

நாங்கள் மூன்று பேரும் யோசித்தோம். வாத்தியார்தான் சொன்னார்: "கோட்டுக்காரரைக் கேட்டுப் பாக்கலாமே."

மழை வரும்போல இருக்கிறது, பக்கத்து வீட்டில் குடை கேட்டுப் பார்க்கலாமே என்பதுபோலச் சொன்னார். அந்தம்மாவும் தலையாட்டினாள். எனக்கும் அப்போது அது விபரீதமாகவே படவில்லை.

மறுநாள் ஆம்பூர் போனேன். டேனரிக் கிடங்கில் கட்டுகளுக்கு நடுவில் குந்திக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தொட்ட வயது, ஒல்லி உடம்பு, முன்பல் இரண்டும் கறை. கல்யாணம் ஆகவில்லை. எந்தப் பெண்ணாவது இவரோடு ஓடிப்போனாள் என்று சொன்னால் ஜட்ஜு நம்புவாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். பிரஷைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"வாத்தியாரு என் கோட்டைப் போட்டுக்கினுதான் அந்தம்மாவக் கட்டிக்கினாரு. நான்தான் பின்னால நின்னு ஊசி குத்தினேன். அதுல எனுக்கும் பங்கு கீதில்ல சார்?"

"உங்க பேர் கெட்டுப்போகும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பேருதானே. நான் இன்னா அதை டெய்லி போட்டுக்கினா சுத்துறேன்? எடுத்துக்கச் சொல்லுங்க."

மனு தயாரானது. 'எங்களுக்குள் எவ்வித ஏற்பாடும் கிடையாது' என்ற வாக்கியத்தை நான் எழுதி நீட்டியபோது, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பெஞ்சில் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து படித்தார்கள். வாத்தியார் ஒரு கமா போட்டார். அந்தம்மா அதை அடித்தாள்.

ஒப்புக்கொள்வது மட்டும் போதாது, யாராவது பார்த்திருக்க வேண்டும். அதற்காகக் காட்பாடிப் பக்கம் ஒரு முசாபரி பங்களாவில் ஒரு மத்தியானத்துக்கு அறை எடுத்தேன். பங்களாக் காவல்காரன் பின்னால் அடையாளம் சொல்லத் தோதாக, கோட்டைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். அந்த ஒரு தடவைதான் நான் அவரை அந்தக் கோட்டில் பார்த்தது. தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. பின்னால் நின்று ஊசி குத்த அவருக்கு யாரும் இல்லை.

அந்தம்மா பரீட்சைப் பேப்பர் கட்டோடு வந்து அறைக்குள் போய்த் திருத்த ஆரம்பித்தாள். இவரையும் உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் வெளியே வந்து படியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க இது? உள்ள போங்க!"

"டீச்சரம்மா தனியா கீறாங்க சார்."

"அதுக்காகத்தான்யா நீங்க உள்ள இருக்கணும்!"

போனார். மறுபடி கதவு திறந்தது. அந்தம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமாம். கொடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம், உள்ளே புழுக்கமாக இருக்கிறது, அந்தம்மா கதவைத் திறந்து வைத்தால் தேவலை என்கிறாள் என்று வந்து நின்றார். காவல்காரன் தோட்டத்துப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். எனக்குக் கோபம் தலைக்கேறி, கோட்டைப் பிடித்து ஒரே தள்ளாக உள்ளே தள்ளினேன். பொத்தான் ஒன்று அறுந்து உருண்டு, நேராகக் காவல்காரன் காலடியில் போய் நின்றது. அவன் அதைக் குனிந்து எடுத்துப் பார்த்து, சாத்திய கதவைப் பார்த்து, ஒரு தினுசாகச் சிரித்துக்கொண்டு இடுப்பில் செருகிக்கொண்டான்.

அவர் உள்ளே இருந்த மிச்ச நேரம் முழுக்க அந்தம்மாவுக்கு மார்க்குக் கூட்டிக் கொடுத்தாராம். கண்ணாடி இல்லாததால் இரண்டு பிள்ளைகள் தவறிப்போய்ப் பாஸாகிவிட்டார்கள் என்று அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

கோர்ட்டில் காவல்காரன் சாட்சி பிரமாதம். கறுப்புக் கோட்டு, சாத்திய கதவு எல்லாம் சொல்லிவிட்டு, பொத்தானை எடுத்து மேஜைமேல் வைத்தான். வெள்ளைக்கார ஜட்ஜு அதைப் பென்சிலால் புரட்டிப் பார்த்தார். சான்றுப் பொருள் என்று அதற்கு ஒரு சீட்டு ஒட்டினார்கள். ஒரு குடும்பத்தைப் பிரிக்க அந்தப் பொத்தானே போதுமானதாக இருந்தது.

இரண்டாம் பிரதிவாதி ஆஜராகவில்லை. வரவேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். வந்தால் கேட்பார்கள், கேட்டால் இந்த மனிதர் உள்ளதைச் சொல்லிவிடுவார். ஆனால் கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோது பார்த்தால், எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மடித்த கோட்டு மடியில் இருந்தது.

"கோட்டைக் கேட்டாங்கன்னா குடுக்கலாம்னு வந்தேன் சார்."

ஜில்லா ஜட்ஜு தீர்ப்புச் சொன்னால் மட்டும் போதாது. மெட்ராஸ் ஐகோர்ட்டில் மூன்று ஜட்ஜுகள் அதை உறுதி செய்ய வேண்டும். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள், யாராவது வந்து 'இது கூட்டு ஏற்பாடு' என்று சொல்லட்டும் என்று. யாரும் சொல்லவில்லை. விவாகரத்து ஆயிற்று. வாத்தியார் மெட்ராசுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தம்மா ஒரு வருஷத்துக்குப் பிறகு பேரணாம்பட்டில் கடை வைத்திருந்த ஒருவரை ரிஜிஸ்திரார் முன்னால் கட்டிக்கொண்டாள். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. எல்லாரும் சௌக்கியம், கோட்டுக்காரரைத் தவிர.

தீர்ப்பு வந்த பிற்பாடு ஆம்பூரில் அவருக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டும். டேனரி ஆட்கள் அவரை ஒரு தினுசாகப் பார்த்தார்கள். புதிதாகக் கல்யாணம் ஆன பையன்கள் அவரிடம் தனியாக வந்து யோசனை கேட்டார்கள். அவர் எதிரே வந்தால் பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவின் மறுபக்கம் போனார்கள். சாயபுவுக்குத்தான் மண்டை குடைந்தது.

"யோவ், நெஜமாவா?"

"கோர்ட்ல அப்டி எழுதிக்கீறாங்களேங்க."

"உனுக்கு இன்னாத்துக்குய்யா இந்த பேஜாரு?"

அதற்குச் சிரித்துக்கொண்டே எழுத உட்கார்ந்துவிட்டாராம். அந்த ஊரில் அவரைப் பற்றிய கதையை நம்பாத ஒரே ஆள் சாயபு.

பாதிரியார் நம்பினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெயரைச் சொல்லி, இவர் இனி திருவிருந்தில் பங்குகொள்ளக் கூடாது என்று விலக்கினார். வருவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. வாசல் பக்கத்துக் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். மற்றவர்கள் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க முன்னால் போகும்போது, தான் வழியில் இருக்கக் கூடாது என்று காலை மடக்கிக்கொள்வார். அது அவருக்குப் பெரிதாகப் பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் பாதிரியார் இன்னொன்றும் சொல்லிவிட்டார். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு எவனாவது மாப்பிள்ளையாக வந்து நின்றால் ஆசீர்வாதம் கிடையாது.

கோட்டு ஆணியில் தொங்க ஆரம்பித்தது. யாரும் கேட்டு வரவில்லை. குடையைக்கூடக் கேட்கவில்லை, அதிலும் பாவம் ஒட்டியிருக்குமோ என்று பயந்தார்களோ என்னவோ. நான் ஒரு முறை போனபோது கோட்டை வெயிலில் போட்டு, பூச்சி அரிக்காமல் தட்டிக்கொண்டிருந்தார். பொத்தான் இருந்த இடத்தில் நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"வேற ஒண்ணு வெச்சுத் தைக்கக் கூடாதா?"

"அது கோர்ட்ல கீது சார். எப்பனா குடுப்பாங்கல்ல?"

கோர்ட்டு அப்படி எதையும் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரைப் பார்க்கவே அன்றைக்குக் கஷ்டமாக இருந்தது. ஊரே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் போட்டுக்கொண்ட மனிதர், இப்போது கொடுக்க ஆளில்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார்.

பிறகு ஒரு நாள் தோல் கட்டு தூக்கும் கொக்கி அவர் உள்ளங்கையைக் கிழித்தது. வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். பார்க்கப் போனேன். கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தான். இவர் பக்கத்தில் தரையில் பாய் போட்டுக் கிடந்தார். அவருக்கு மேலே நின்று ஒரு நர்சம்மா கத்திக்கொண்டிருந்தாள்.

"கட்டில் உங்களுக்குத்தானே குடுத்தேன்?"

"அந்தாளு கேட்டாருங்க. முதுகு வலியாம்."

"கேட்டா குடுத்துடுவீங்களா? அறிவில்ல? கையில சீழ் வெச்சா கையை எடுக்கணும், தெரியுமா? அதையும் யாராவது கேட்டா குடுத்துடுவீங்களா?"

நர்சம்மாவுக்கு முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். கண்டிப்புக்குப் பேர் போனவள். கொடுத்ததற்காக அவரைத் திட்டிய முதல் ஆள் அவள்தான். அவர் அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம். நான் நின்றதையே கவனிக்கவில்லை.

கை ஆறிய பிறகும் கட்டு மாற்றும் கிழமை தவறாமல் வாராவாரம் வேலூர் வந்தார். கட்டே இல்லாத கையோடு ஒரு நாள் என் ஆபீசுக்கு வந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நர்சம்மா சரின்னுட்டாங்க சார். கட்டிக்கலாம்னு."

எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஆனால் அவர் பாதிரியாரிடம் போயிருக்கிறார். பாதிரியாரும் கெட்டவர் அல்ல, வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் நின்று, 'அடுத்தவன் மனைவியோடு பாவம் செய்தேன், மன்னியுங்கள்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் திருவிருந்து உண்டு, கல்யாண அறிவிப்பான ஓலையும் கோயிலில் வாசிக்கலாம். சொல்லாவிட்டால் எதுவும் இல்லை.

"சொல்லிடுங்களேன்" என்றேன். "ஊர் ஏற்கெனவே நம்பினதுதானே."

"நர்சம்மா ஒத்துக்க மாட்டேன்றாங்க. அவங்க கிட்ட உள்ளதைச் சொல்லிட்டேன் சார். செய்யாததைச் செஞ்சேன்னு கோயில்ல ஆல்டர் முன்னாடி நின்னு சொல்ற ஆளு எனுக்கு வேணாம், செய்யலைன்னு சொல்லு, போதும்ன்றாங்க. சொல்லலாமா சார்? யாருக்கும் ஒண்ணும் ஆவாதே?"

வக்கீலிடம் கேட்டேன். இத்தனை வருஷமாக எதுவும் தெரியாதிருந்தவருக்குத் திடீரென்று எல்லாம் தெரிந்திருந்தது. அந்தத் தீர்ப்பு ஏற்பாட்டால் வாங்கியது என்று வெளியே வந்தால், யார் வேண்டுமானாலும் அதைக் கிளறலாம். தீர்ப்பு ரத்தானால் அந்தம்மா இன்னும் வாத்தியாரின் மனைவிதான். பேரணாம்பட்டுக் கல்யாணம் செல்லாது. குழந்தைக்கு அப்பன் பெயர் இல்லை. அன்றைக்குத்தான் அந்தம்மா சட்டப்படி நிஜமாகவே சோரம் போனவள் ஆவாள், தன் புருஷனோடேயே.

அப்படியே போய் அவரிடம் சொன்னேன்.

"புள்ளை நடக்குதா சார் இப்ப?"

"நடக்குதுன்னு கேள்வி."

"சரி. அதுக்கு இன்னா, ஆவட்டும்" என்று எழுந்து போய்விட்டார். பாதிரியாரிடம் அவர் திரும்பப் போகவில்லை. செய்தேன் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை.

சில மாதங்கள் பார்த்துவிட்டு நர்சம்மா என் ஆபீசுக்கே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவர் சொல்றது நெஜமா? அதை மட்டும் சொல்லுங்க."

"அந்தப் பொத்தான் அறுந்தது என் கையாலம்மா" என்றேன்.

"அப்ப உங்களுக்குத் தெரியும். வாத்தியாருக்குத் தெரியும். அந்தம்மாவுக்குத் தெரியும். எல்லாரும் நல்லா இருக்கீங்க. அவர் ஒருத்தர் மட்டும் கடைசி பெஞ்சில காலை மடக்கிக்கினு உக்காந்துக்கினு இருக்கணுமா?"

அவளிடம் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். அதை அவர் சொல்லியிருக்கவில்லை. அவள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரிஜிஸ்திரார் கிட்ட கட்டிக்கலாம்மா, அதுக்குச் சபை தேவையில்லை" என்றேன்.

"கட்டிக்கலாம். மறுநாளே மிஷன்ல என்னை அனுப்பிடுவாங்க. என் சம்பளத்தை நம்பி அம்மாவும் தங்கச்சியும் இருக்காங்க." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. சட்டப் புத்தகத்தைத் தூக்கி வேலூர்க் கோட்டை அகழியில் போடலாம்போல இருந்தது. வக்கீலுடைய புத்தகம் என்பதால் போடவில்லை.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மிஷன்காரர்களே பார்த்து முடித்த இடம். மாப்பிள்ளை குடியாத்தத்துக் கம்பவுண்டர், ஆம்பூர்க் கதை எதுவும் தெரியாதவன். கல்யாணம் வேலூர்க் கோயிலில். கோட்டுக்கு என்ன செய்வது என்று அவன் விசாரித்திருக்கிறான். ஆம்பூரில் ஒருத்தரிடம் இருக்கிறது, யார் கேட்டாலும் கொடுப்பார் என்று யாரோ பழைய ஞாபகத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

நான் இதைக் கேள்விப்பட்டு ஓடினேன். கோட்டு ஏற்கெனவே போயிருந்தது.

"யாருக்குன்னு தெரிஞ்சா குடுத்தீங்க?"

"பத்திரிகை காட்டினாரு சார். பேரு போட்டிருந்திச்சி."

"தெரிஞ்சுமா?"

"கேட்டாரே சார். எத்தினி வருசத்துக்கு அப்பால ஒருத்தர் வந்து கேட்டாரு!" முகம் மலர்ந்துதான் சொன்னார். அதை என்னால் தாங்க முடியவில்லை. "தோள்ல ஜாஸ்தியா இருந்திச்சி. முழுசாப் பிரிச்சி, அவரு அளவுக்குத் தைக்கக் குடுத்தேன். இப்ப ஊசியே வேணாம், கச்சிதமா நிக்கும்."

அதுவரை எந்த மாப்பிள்ளைக்கும் அவர் கோட்டைப் பிரித்துத் தைத்ததில்லை. ஊசி வேண்டியிருந்தால் இவரும் கூடப் போக வேண்டும். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் போய் நிற்காமல் இருக்க அவருக்குக் கிடைத்த வழி அது ஒன்றுதான்.

கல்யாணம் முடிந்து ஒரு வாரத்தில் கோட்டு திரும்பி வந்தது. வெளுத்து, இஸ்திரி போட்டு, காகிதத்தில் சுற்றி. பிரித்துப் பார்த்தால், அறுந்த இடத்தில் ஒரு பொத்தான். நர்சுகள் உடுப்பில் இருக்கும் வெள்ளைப் பொத்தான். காயம் தைக்கிற பட்டு நூலால் இறுக்கித் தைத்திருந்தது. அந்தக் கறுப்புக் கோட்டில் அது ஒன்று மட்டும் பளிச்சென்று தெரிந்தது. சீட்டு எதுவும் இல்லை. அவர் அந்தப் பொத்தானைக் கட்டை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கோட்டை ஆணியில் மாட்டினார்.

அதற்கப்புறம் சில மாதங்கள் கழித்து நான் அவர் வீட்டில் இருந்தபோது பாதிரியாரே வந்தார். அந்த வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. மெட்ராசில் படிக்கும் அவர் மகனுக்கு வரும் வாரம் கல்யாணம். தையற்காரன் காலை வாரிவிட்டான். வாசலிலேயே நின்று, சுற்றி வளைத்து, காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடுகிறது என்றெல்லாம் சொல்லி, கடைசியில் கேட்டார்.

"அந்தக் கோட்டு இருந்தா ஒரு நாளைக்குக் குடுத்து உதவணும்."

கோட்டுக்காரர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். வழக்கமான 'அதுக்கு இன்னா' வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"கோட்டு இல்லீங்க ஐயா" என்றார்.

அவர் தலைக்கு நேர் மேலே, ஆணியில், வெள்ளைப் பொத்தானோடு கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பாதிரியார் அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த மனிதர் வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். அதைப் பாதிரியார் நம்பவில்லை.